குரலுக்கும் வேண்டும் ஸனது

இறந்தவரின் பாட்டைக் கேட்பது நமக்குப் புதிதன்று. இசைத்தட்டு வந்த நாள்தொட்டு, மண்ணறை சென்றுவிட்ட பாடகரின் குரல் மணவீட்டுப் பந்தலில் ஒலிப்பதும், அதைக் கேட்டு முதியோர் கண் கலங்குவதும் நம் வாழ்வில் வழக்கமாகிவிட்டன. ஆனால் இறந்தவர் தம் வாழ்நாளில் ஒருபோதும் பாடியிராத பாட்டை, இறந்தபின் பாடக் கேட்பது புதிது. அந்தப் புதுமை 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்த் திரையிசையில் வந்து புகுந்தது.

ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்கி அவ்வாண்டு பிப்ரவரி 9ஆம் நாள் வெளிவந்த படம் 'லால் சலாம்'. ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த அப்படத்தின் 'திமிரி எழுடா' என்னும் பாடலில் சாகுல் ஹமீது, பம்பா பாக்கியா ஆகிய இருவரின் குரல்கள் கேட்கின்றன. முன்னவர் 1997இல் சாலை விபத்தில் மறைந்தவர். பின்னவர் 2022 செப்டம்பரில் மறைந்தவர். அவர்களுடைய குரலின் இயல்பைச் செயற்கை நுண்ணறிவுப் பொறிக்குப் பயிற்றி, அப்பொறியின் வழியே இப்புதுப் பாட்டை எழுப்பினர். 'இது முறைதானா?' என்ற கேள்வி எழுந்தபோது, இரு குடும்பத்தாரிடமும் இசைவு பெற்றதாகவும், உரிய ஊதியம் அனுப்பியதாகவும் ரஹ்மான் வெளிப்படையாக அறிவித்தார்.

ஏறக்குறைய அதே நாட்களில் ஆந்திர நாட்டுப் பக்கத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. 2023இல் வெளிவந்த 'கீடா கோலா' என்னும் தெலுங்குப் படத்தில், 2020இல் காலமான எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல் அதே முறையில் ஆக்கப்பட்டிருந்தது. தம்மிடம் இசைவு கேட்கவில்லை என்று அவருடைய மகன் எஸ்.பி. சரண், படத்தாருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார்.

ஒரே பொறி, ஒரே வகைச் செயல், ஒன்று கேட்டுச் செய்தது, மற்றொன்று கேளாமற் செய்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு பெரிய வினா எழுகிறது. பிறர் இசையை எடுத்துக் கையாள்வதில் எது கடன், எது களவு, எது பொய்?

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவும் கருத்து வேறுபாட்டை நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. இசையை விலக்குவோரும் பிறர் உழைப்பின் உரிமையை விலக்குவதில்லை. ஆதலால் இவ்வினா எல்லோருக்கும் உரியதே.

மெட்டு எனும் கடன்

முதலில் மெட்டை எடுத்துக்கொள்வோம். பிறர் மெட்டில் பாட்டுக் கட்டுவது குற்றமென்றால், தமிழ் முஸ்லிம்களின் பாட்டுச் செல்வத்தில் பெரும்பகுதியை நாம் இழக்க நேரிடும். முற்கால இஸ்லாமியப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டுவோர், அவற்றுட் பலவற்றில், பாட்டின் தலையில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று சிறு எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருப்பதைக் காண்பர். நாடகப் பாட்டாயினும் திரைப்படப் பாட்டாயினும் மூலத்தின் பெயர் அங்கே நிற்கும். பாடுவோருக்கு வழி காட்டவே அவ்வரியை அச்சிட்டனர். எனினும் அறிந்தோ அறியாமலோ அஃது ஒரு நன்றிக் கடனையும் தீர்த்தது.

பெருங்காப்பியத்திலும் இதுவே வழக்கு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் நாட்டுப்படலம், நகரப்படலம் என்று தமிழ்க் காப்பிய மரபில் தொடங்கி, அரபு நாட்டைத் தமிழ் நிலத்தின் வளத்தோடு காட்டினார். இதைக் களவு என்று எவரும் சொன்னதில்லை. மரபு என்பது ஊர்க் கிணறு போன்றது. இறைப்பவன் குடம் அவனுடையது, நீர் எல்லோருடையது.

அரபு இலக்கியத் திறனாய்வாளர் இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆய்ந்துவிட்டனர். கவிஞர் முதனப்பி (இறப்பு 965) முன்னோர் கருத்துகளைத் திருடினார் என்று பகைவர் குற்றம் சுமத்தியபோது, காழீ ஜுர்ஜானி 'அல்வஸாதா' என்னும் நூலில் நடுநின்று தீர்ப்புரைத்தார். வீரனைச் சிங்கத்துக்கும், கொடையாளியை மழைக்கும் ஒப்பிடுவது பொதுச்சொத்து. அதில் களவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் தாமே கண்டு, தம் பெயரால் விளங்கச் செய்த தனிப்புதுமையில்தான் அவ்வினா எழும் என்பது அவர் முடிவின் சாரம். இசைக்கு இதைப் பொருத்தினால், இராகமும் தாளமும் பொதுச்சொத்து; அவற்றைக் கொண்டு ஒருவர் கட்டிய குறிப்பிட்ட உருப்படி அவருக்குரியது.

இந்த எல்லைக்கோட்டில்தான் அண்மையில் ஒரு வழக்கு மூண்டது. 2023இல் வந்த 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தின் 'வீரா ராஜ வீரா' பாடல், தம் தந்தையார் ஃபையாஸுத்தீன் டாகரும் பெரியப்பா ஜஹீருத்தீன் டாகரும் அமைத்த 'சிவ ஸ்துதி'யிலிருந்து எடுக்கப்பட்டது என்று துருபத் இசைவாணர் வாசிஃபுத்தீன் டாகர் டெல்லி உயர்நீதிமன்றம் சென்றார். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி அவருக்குச் சார்பாக இடைக்கால உத்தரவு தந்தார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. சட்டத்தின் நுணுக்கத்துள் நாம் புகவில்லை. நம் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. படத்தில் 'டாகர்வாணி மரபு' என்று மரபின் பெயர் சொல்லப்பட்டிருந்தது. இரு மனிதரின் பெயர் சொல்லப்பட வேண்டும் என்பதே டாகரின் கோரிக்கை.

ஹதீஸ் கலை பயின்றோர் இவ்வேற்றுமையை உடனே உணர்வர். 'பஸ்ராவைச் சேர்ந்த ஒருவர் எனக்கு அறிவித்தார்' என்று சொன்னால் அந்த அறிவிப்பாளருக்கு 'முப்ஹம்' என்று பெயர். ஊர் தெரிந்தும் ஆள் தெரியாதவர். ஆளின் பெயர் தெரிந்தால்தான் அவரை மதிக்கவோ மறுக்கவோ இயலும். மரபைச் சொல்லிவிட்டு மனிதரை விட்டுவிடுவது பாதி நன்றியே.

தமிழிலக்கணமும் இதற்கு உடன்படுகிறது. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தார். வழிநூல் செய்வது இழிவு என்று அவர் கூறவில்லை. ஆனால் சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி'யையும் வைத்தார். எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டே நூல் தொடங்க வேண்டும் என்பது விதி.

ஒலிப்பதிவு எனும் உழைப்பு

மெட்டைக் கடன் கொள்பவர் பாட்டைத் தாமே பாடுகிறார். கருவிகளைத் தாமே வாசிக்கச் செய்கிறார். ஒலிப்பதிவையே வெட்டி எடுத்து ஒட்டுபவர் அவ்வாறு செய்வதில்லை. ஒருவர் ஒரு நாளில் தம் மூச்சையும் கையையும் வருத்தி வாசித்த அந்த வாசிப்பையே எடுத்துக்கொள்கிறார். மேனாட்டில் இதைச் சாம்பிளிங் என்பர்.

இதன் நன்மையும் தீமையும் ஒருசேர விளங்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 'தி வின்ஸ்டன்ஸ்' என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தாரும் வெள்ளையரும் கலந்த குழு, 1969இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் ஒரு பக்கத்தில் கிரிகொரி கோல்மன் தனியே முரசடிக்கும் இடம் ஒன்று வருகிறது. ஆறு விநாடி அளவே. பிற்காலத்தார் அந்த ஆறு விநாடியை வெட்டியெடுத்து, விரைவுபடுத்தி, திருப்பித் திருப்பி ஒட்டி, ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமாக்கினர். புதிய இசை வகைகளே அதன்மேல் எழுந்தன. அதைப் படைப்பில்லை என்று சொல்ல நாம் துணியோம். ஆனால் முரசடித்த கோல்மன் அதனால் ஒரு காசும் பெறாமல் 2006இல் வறுமையில் மாண்டார். 2015இல் இரசிகர்கள் தாமாகப் பணம் திரட்டி, அக்குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்ஸரிடம் 24,000 பவுண்டு வழங்கினர். கேட்டவர் மனச்சான்று தந்த அத்தொகை, அடித்தவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

நியூயார்க்கில் 1991இல் இத்தகைய வழக்கொன்றை விசாரித்த நீதிபதி, திருடலாகாது என்னும் விவிலியக் கட்டளையையே தீர்ப்பின் முகப்பில் வைத்தார். அதன்பின் அந்நாட்டில் கேட்டு எடுப்பதே வழக்கமாயிற்று.

தமிழகத்திலும் இப்பூசல் இப்போது வலுத்துள்ளது. 1991இல் வந்த 'குணா' படப் பாட்டை 2024இல் வந்த 'மஞ்ஞுமல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் எடுத்தாண்டது. இளையராஜா அறிவிப்பு அனுப்பினார். 2025 ஏப்ரலில் வந்த 'குட் பேட் அக்லி' படத்தில் அவருடைய மூன்று பழைய பாட்டுகள் ஆளப்பட்டன. செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 'இசைத்தட்டு நிறுவனத்தாரிடம் உரிமை பெற்றோம்' என்பதே இரு தரப்புப் படத்தாரும் சொன்ன விடை. கையில் தாள் வைத்திருப்பவரிடம் கேட்டால் போதுமா, படைத்தவரிடமும் கேட்க வேண்டுமா என்பதே வழக்கின் உயிர்நிலை. ஆயினும் இப்பூசலில் ஒன்று நம் மனத்தை உறுத்துகிறது. 'குணா' பாட்டை எழுதியவர் வாலி. பாடியவர்கள் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும், வாசித்தவர் எத்தனையோ பேர். வாதம் முழுவதும் ஒரு பெயரைச் சுற்றியே நடந்தது. சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டு இது முழுச் சங்கிலி என்று சொல்ல இயலுமா?

அலங்காநல்லூரில் தை மூன்றாம் நாள் வாடிவாசல் வழியே காளை புறப்படும்போது, அஃது எவருடைய காளை, எந்த ஊர்க் காளை என்பதை ஒலிபெருக்கியில் உரக்கச் சொல்வர். பிடித்தவன் பரிசு பெறுவான். அவன் பெயரும் முழங்கும். முன்னாளில் கொம்பில் கட்டிய சல்லிக்காசு முடிப்பை அவிழ்த்தவன் முடிப்பைத்தான் கொண்டுபோனான். காளை உடையவனிடமே திரும்பியது. வளர்த்தவன் பெயரைச் சொல்லாமல் காளையை அவிழ்த்துவிட்டால் எமதூரார் பொறுப்பார்களா? ஒருவர் வளர்த்த இசையைத் தழுவிப் பிடித்துப் பெயர் பெற விரும்புவோருக்கு எமதூர்க் களத்தின் இவ்வொழுக்கமே போதிய பாடம்.

எடுத்தாள்வதைத் தரம் பிரிக்கும் அளவுகோலையும் நம் மதரஸாப் பாடநூலே தருகிறது. கதீப் கஸ்வீனீ (இறப்பு 1338) இயற்றிய 'தல்கீஸுல் மிஃப்தாஹ்' நூலின் இறுதியில், கவிதைக் களவு பற்றி ஒரு பகுதி உண்டு. 'முக்தஸருல் மஆனீ' ஓதிய ஆலிம்கள் அதை அறிவர். சொல்லும் பொருளும் மாறாமல் முழுவதையும் எடுத்துத் தமதென்பது அப்பட்டமான களவு. சொல்லை ஓரளவு மாற்றி எடுத்தால், பின்னது முன்னதைவிடச் சிறந்து நிற்குமாயின் அது புகழுக்குரியது. தாழ்ந்து நிற்குமாயின் இகழுக்குரியது. ஒத்து நிற்குமாயின் பழியில்லை, ஆனால் சிறப்பு முன்னவருக்கே. பிறர் கவியைத் தம் கவியில் பதிப்பதற்குத் 'தழ்மீன்' என்று பெயர். அறிஞரிடையே அது பரவலாக அறியப்படாத கவியானால், 'இது பிறருடையது' என்று உணர்த்திவிட்டே பதிக்க வேண்டும். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த இவ்விதி, இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் சாலப் பொருந்துகிறது.

பிறர் படைப்பின்மேல் தம் படைப்பை ஏற்றுவதில் நம் முன்னோர் காட்டிய உயர்ந்த வழி 'தக்மீஸ்'. முன்னவரின் ஈரடிக் கவி ஒவ்வொன்றின் முன்னும் தம் மூன்றடிகளைச் சேர்த்து ஐந்தடியாக்குவது அது. கீழக்கரை ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) (1632-1703) அவர்கள், பக்தாதைச் சேர்ந்த முன்னோர் ஒருவரின் வித்ரிய்யாவுக்கு இவ்வாறு தக்மீஸ் இயற்றினார்கள். நம் கடற்கரை ஊர்களிலும் கேரளத்திலும் அதை இன்றும் ஓதுகின்றனர். மூலத்தில் ஓரடியும் சிதையவில்லை; மூலவர் பெயர் மறையவில்லை; புதியவரின் புலமையும் ஒளிமங்கவில்லை. பிறர் ஆக்கத்தைக் கையாள விரும்பும் எவருக்கும் இதனினும் சிறந்த முன்மாதிரியை நாம் அறியோம்.

இவ்வளவுகோலைக் கொண்டு, இணையத் தளங்களில் பெருகிவரும் இஸ்லாமியப் பாட்டு 'ரீமிக்ஸ்'களை அளந்து பார்ப்போம். நாகூர் ஹனீபா (1925-2015) போன்றோரின் பழைய பதிவுகளை எடுத்து, அவற்றின்மேல் முரசொலியை அடுக்கி வெளியிடுகின்றனர். ஹனீபாவின் பாட்டில் நாம் மதிப்பது யாது? உச்ச நிலைக்குக் குரல் ஏறும்போதும் சொல் உடையாமல் நிற்கும் உச்சரிப்பு. ஓர் அடி முடிந்ததும் கேட்பவர் நெஞ்சில் அது இறங்குவதற்கு விடும் இடைவெளி. புதிய முரசு அந்த இடைவெளியைத்தான் முதலில் விழுங்குகிறது. துஆவின் ஏக்கம் போய்த் துள்ளல் மிஞ்சுகிறது. கஸ்வீனீயின் தராசில் இது தாழ்ந்த தட்டிலேயே நிற்கும். போதாக்குறைக்கு எழுதியவர் பெயரும் இசைத்தவர் பெயரும் பலவற்றில் காணப்படுவதில்லை. எடுத்து ஒட்டியவர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் விளங்குகிறது. அறிவிப்பாளர் வரிசையில் ஒருவரை மறைத்துவிட்டுத் தாமே நேரில் பெற்றதுபோல் தோன்றச் செய்வதை ஹதீஸ் கலையினர் 'தத்லீஸ்' என்பர். இதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

அறுபதாண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒலிப்பதிவுகளுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டதே என்பர் சிலர். உண்மை, நம் நாட்டுச் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை அறுபதாண்டே. ஆனால் சட்டத்தின் தவணை முடிவதால் அமானிதத்தின் தவணை முடிவதில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தமே, பாடியவர் பெயரைச் சொல்லுவதையும் அவர் புகழுக்கு ஊறு செய்யும் சிதைவைத் தடுப்பதையும் கலைஞரின் உரிமைகளாக ஏற்றுக்கொண்டது. அறம் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததைச் சட்டம் பிந்தி வந்து சொல்லியிருக்கிறது.

குரல் எனும் சாட்சியம்

இனி மூன்றாவதும் கடினமானதுமான நிலைக்கு வருவோம். மெட்டும் அன்று, பதிவும் அன்று. குரலையே எடுத்துப் புதுச் சொல்லைப் பாடவைப்பது.

'திமிரி எழுடா' பாட்டில் களவு இல்லை. கேட்டார், கொடுத்தார், சொன்னார். இம்மூன்றையும் செய்த ரஹ்மானைக் களவாளரோடு சேர்த்துப் பேசுவது நீதியாகாது. 'தத்லீஸ்' என்ற குற்றமும் அவர்மேல் சாராது. ஆயினும் நம் ஆய்வு இத்துடன் நின்றுவிட இயலாது.

சாகுல் ஹமீது எத்தகைய பாடகர்? எமதூர்க்கு அண்மையிலுள்ள உசிலம்பட்டியின் பெயரைத் தாங்கி 1993இல் 'ஜென்டில்மேன்' படத்தில் வந்த பாட்டால் இப்பகுதி மக்கள் நாவில் குடியேறியவர். அதே ஆண்டில் 'திருடா திருடா' படத்தில் அவர் பாடிய 'ராசாத்தி' பாட்டில் கருவியிசை இல்லை. மனிதக் குரல்களே பின்னணி. மறைவதற்கு ஏதுமில்லாத அவ்வெளியில் அவர் குரல் தனித்து நின்றது. எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லை அழுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்தித் துயரை அடக்குவது என்னும் முடிவுகளெல்லாம் அந்நாளில் அவர் நெஞ்சில் எழுந்தவை. பாட்டுக் கலை என்பது இம்முடிவுகளே. பொறி பற்றிக்கொள்வது குரலின் நிறத்தை, முடிவுகளை அன்று. இத்தகைய முறையில் பெரும்பாலும் வேறொருவர் முதலில் பாட, அவர் பாடியதன்மேல் மறைந்தவரின் குரல் நிறத்தைப் பூசுகின்றனர். அப்போது மூச்சு ஒருவருடையது, நிறம் மற்றொருவருடையது. மூச்சுக் கொடுத்த உயிருள்ளவர் பெயரின்றி மறைவதற்கும் இடமுண்டு. அவரும் ஒரு 'முப்ஹம்' ஆகிவிடலாகாது.

ஆகவே இத்தகைய பாட்டைக் கேட்டு 'சாகுல் ஹமீது பாடினார்' என்று சொல்வது வரலாறாகாது. 'அவர் குரலின் சாயலில் பாடப்பட்டது' என்பதே மெய். ஹதீஸ் கலையில், பொருள் எவ்வளவு நன்றாக இருப்பினும், சொல்லாதவர்மேல் ஏற்றிய சொல் 'மவ்ழூஃ', இட்டுக்கட்டியது, என்றே தள்ளப்படும். பெருமானார் (ஸல்) அவர்களின் திருமொழியைப் பாடகர் பாட்டோடு நாம் ஒப்பிடவில்லை. அதைக் காக்க எழுந்த ஆய்வுமுறையின் நேர்மையைக் கடன் பெறுகிறோம், அவ்வளவே.

'மறைந்தவரின் குடும்பத்தார் இசைந்தபின் என்ன தடை?' என்று கேட்கலாம். ஊதியம் வாரிசுகளுக்குரியதே, அதில் ஐயமில்லை. ஆனால் எல்லாம் வாரிசுரிமையாக இறங்குவதில்லை. தந்தை காணாததைத் தந்தை கண்டதாக மகன் சாட்சி சொல்ல இயலாது. பாடகர் உயிரோடிருக்கையில் சொற்களைப் படித்துப் பார்ப்பார். மனத்துக்கு ஒவ்வாவிட்டால் 'பாடமாட்டேன்' என்பார். அந்த மறுக்கும் உரிமைதான் குரலை அவருடையதாக்குகிறது. இறந்தவரிடம் பறிபோவது அதுவே. மனம் கனிந்த குடும்பத்தார் இசைவு தரலாம். அவர் சார்பில் மறுத்துக் கொடுக்க எவருளர்?

'பலகுரல் கலைஞர் காலங்காலமாகப் பிறர் குரலில் பேசவில்லையா?' என்பாரும் உளர். பேசுகிறார்; ஆனால் தம் பெயரோடு மேடையேறி, நம் கண்முன் நின்று பேசுகிறார். சிரிக்கும் அவையினருள் எவரும் ஏமாறுவதில்லை.

இதில் நம் குடும்பங்களுக்கு என்ன இழப்பு என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்வோம். நாகூர் ஹனீபா தம் வாழ்நாளெல்லாம் தி.மு.க. மேடைகளில் பாடியவர். அக்கட்சியை ஏற்பாரும் மறுப்பாரும் அவருடைய உறுதியை மதித்தனர். நாளை ஒருவர் அவர் குரலைப் பொறியிலிட்டு, அவர் ஒருபோதும் சேராத கட்சிக்கு வாக்குக் கேட்கும் பாட்டைப் பாடவைத்தால் என்னாகும்? இன்னும் ஒருபடி போவோம். பாடகர் குரலுக்கு இயல்வது ஆலிமின் குரலுக்கும் இயலும். மறைந்த பெரியார் ஒருவரின் குரலில், அவர் தராத தீர்ப்பு ஒன்று நம் கைப்பேசிக்கு வந்து சேருமாயின், 'அவர் குரலேதான், நானே கேட்டேன்' என்று வீட்டிலுள்ளோர் அதை நம்பமாட்டார்களா? குரல் நம்மிடையே ஒரு சாட்சியமாக இருந்து வந்தது. அச்சாட்சியத்தின் மதிப்பு குலைந்தால் இழப்பு இசைவாணருக்கு மட்டுமன்று.

உயிருள்ளோர் விழித்துக்கொண்டனர். பாடகர் அரிஜித் சிங் தம் குரலைப் பொறிகள் போலி செய்வதற்கு எதிராகச் சென்றபோது, 2024 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பளித்தது. இறந்தோர் அவ்வாறு வழக்கு மன்றம் ஏற இயலாது. அவர்களுக்காக நாம்தான் விழித்திருக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

மதரஸாவில் ஓதி முடித்தவர் பெறுவது ஸனது. இன்னாரிடம் ஓதினார், அன்னார் இன்னாரிடம் ஓதினார் என்று வழிவழியாகச் சொல்லும் சான்று அது. அதைப் போலவே குரலுக்கும் பாட்டுக்கும் ஒரு ஸனது வேண்டும் என்பது நம் கருத்து. அதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை.

பழைய பாட்டை இணையத்தில் ஏற்றும் இளைஞர், எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பதிவு செய்த நிறுவனம் ஆகிய நான்கையும் தேடி எழுதட்டும். பாட்டுப் புத்தகத்தில் மெட்டின் பெயரைச் சிறு எழுத்தில் அச்சிட்ட நம் முன்னோர் செய்ததும் அதுதான். எடுத்துக் கையாள்வோர், தாள் வைத்திருப்பவரிடம் கேட்டதோடு நில்லாமல் படைத்தவரிடமும் கேட்கட்டும். வருவாயில் வாசித்தவர் பங்கையும் நினைக்கட்டும். பொறியால் ஆக்கிய குரலுக்கு 'குரல் சாயல்' என்று தனியே பெயரிட்டு, அடியில் பாடியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.

பாடுவோரும், கிராஅத் ஓதுவோரும், சொற்பொழிவாற்றுவோரும் தம் வஸிய்யத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: எனக்குப் பின் என் குரலைப் புதிதாகப் பேசவைக்கலாமா, கூடாதா; கூடுமாயின் எதற்கு, எதற்குக் கூடாது. அவ்வொரு வரி இருந்தால், பின்வரும் மக்கள் தந்தையின் சார்பில் ஊகிக்க வேண்டியதில்லை. மறுக்கும் உரிமையை அவர் தம் கையாலேயே எழுதி வைத்தவராவார்.

கேட்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. மணவீட்டிலும் மீலாது மேடையிலும் பாட்டொன்று ஒலிக்கும்போது, 'இதை எழுதியவர் யார்? பாடியவர் யார்? உண்மையில் அவர்தாம் பாடினாரா?' என்று கேட்கப் பழகுவோம். நம் பிள்ளைகளையும் கேட்கப் பழக்குவோம். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை நம்மைப் பணிக்கிறது. பொருளைப் போலவே பெயரும் ஓர் அமானிதம்; பெயரைப் போலவே குரலும்.